ஒப்பிடுவதற்கு ஒரு பாதி

ரப்பர் பூட்ஸைக் கழுவாமல் அறைக்குள் வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இதில் பெரிய தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு வாசலிலும் கணுக்கால் ஆழத்துக்கு ஒரு மருந்துநீர்த் தொட்டி உண்டு. அதில் இரண்டு காலையும் நனைத்து, பிரஷ்ஷால் அடியைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பதினாறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் நான் அதைச் செய்தேன். என் தங்கையின் கணவர், அதாவது எங்கள் நிலையத்தின் படகுக்காரர், ஒரு நாளும் ஒழுங்காகச் செய்ததில்லை. ஒரு காலை மட்டும் ஒப்புக்கு நனைத்துவிட்டு மறு காலால் தொட்டியைத் தாண்டி வந்துவிடுவார். கேட்டால், "அந்தக் கால் நேத்தே குளிச்சிருச்சு மச்சான்" என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் பக்கத்தில் தட்டச்சு செய்கிறவருக்கு இரண்டு விரல்தான் வேலை செய்கிறது. அரைகுறையாக எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது.

நான் கடல் விலங்குகளுக்கான மருத்துவர். கரை ஒதுங்கிய திமிங்கலத்தை அறுத்துப் பார்ப்பது, வலையில் சிக்கிய ஆமைக்குக் கட்டுப் போடுவது எல்லாம் என் வேலையில் சின்னப் பகுதி. ஒரு நோய் கூட்டத்துக்குள் எப்படி நுழைகிறது, எதிலிருந்து எதற்குத் தாவுகிறது, அதை எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பகுதி. தனி விலங்கு எதுவும் என் கண்ணில் படாது. கூட்டம்தான் படும். மாப்பிள்ளை நேரெதிர். ஒவ்வொரு கடல்நாய்க்குட்டிக்கும் பெயர் வைப்பார். தொப்பையா, சண்டைக்காரி, தூங்குமூஞ்சி. எங்கள் இயக்குநருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். எனக்கும் வைத்திருந்தார். அது என்னவென்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை.

அவரை நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். அப்போது எனக்குத் தங்கை இருப்பதே அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டுவந்து கொடுக்க அவள் இரண்டு தடவை நிலையத்துக்கு வந்தாள், மூன்றாவது தடவை பாத்திரமே இல்லாமல் வந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று அவள் உங்களிடம் சொல்லியிருந்தால், கோபத்தில் ஏதோ சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் கூடப் போனேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

இனி நோய்க்கு வருகிறேன். பறவைக் காய்ச்சல் பறவையோடு நிற்பதில்லை. கடற்காக்கைகள் அதைக் கரைக்குக் கொண்டுவரும். குளிர் விட்டதும் கடல்நாய்கள் எங்கள் தீவின் கூழாங்கல் கரையில் நெருக்கியடித்துக்கொண்டு குட்டி போடும் காலம் அது. குட்டிக்கு முதலில் தலை நடுங்கும். பிறகு வாயில் நுரை. மூன்றாம் நாள் அலை வந்து காலில் அடித்தாலும் அசையாது. மற்ற கடற்கரைகளில் இப்படிக் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தீவுக்கு ஒரு தடுப்பூசியை நான் வாங்கி வந்தேன். அதற்கு மூன்று வருஷம் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்த சீசனில் இருநூறு குட்டிகளுக்கும் போட்டோம். பதினொன்றுதான் செத்தன.

இதைச் சொல்வதற்காகத் தலைமையகத்திலிருந்து நாலு பேரை வரவழைத்துக் கூட்டம் போட்டோம். எங்கள் சாப்பாட்டு அறையில் மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கி, வெள்ளைத்துணி கட்டி, நான் படம் காட்டிப் பேசினேன். நாற்பது நிமிஷம். பக்கத்திலுள்ள மூன்று தீவுகளுக்கும் இதே ஊசியை அனுப்ப வேண்டும் என்று முடித்தேன். கேள்வி உண்டா என்று இயக்குநர் கேட்டார். படித்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் கதவோரம் கையில் டீ தம்ளரோடு நின்றிருந்த மாப்பிள்ளை, "ஒரு சந்தேகம் டாக்டர்" என்றார். கூட்டத்தில் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். அந்த நாகரிகம் இருந்தது.

"ஊசி போடாத குட்டிங்கள்ல எத்தனை செத்துச்சு?"

"எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டோமே."

"அப்ப நோய் நம்ம கரைக்கு வந்துச்சான்னே தெரியாதே, டாக்டர். குடைய எடுத்துட்டுப் போனேன், மழை பெய்யல, என் குடைதான் மழைய நிறுத்துச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கே."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. தலைமையகத்துக்காரர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநரும் சிரித்தார். நான் எழுதுகோலை மேஜையில் வைத்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றேன். அன்றைக்கு மாலை அவரே வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான், வாய் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி சரியான கேள்வி. நானே முதலில் கேட்டிருக்க வேண்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாதபோது மருந்து வேலை செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. படகு ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது பற்றி நான் ரொம்ப யோசித்தேன். தலைமையகம் ஊசியை மற்ற மூன்று தீவுகளுக்கு அனுப்பவில்லை. ஆதாரம் போதாது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அடுத்த சீசனில் அந்த மூன்று தீவுகளிலும் நாலாயிரத்துச் சொச்சம் குட்டிகள் செத்தன. ஒரு மனிதர் டீ தம்ளரோடு அடித்த ஜோக்குக்கு நாலாயிரம் உயிர். அதற்காக அவரை யாரும் இந்த மாதிரி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கவில்லை.

அந்த ஒரு வரிக் கடிதம் வந்ததுமே நான் முறைப்படித்தான் போனேன். எங்கள் தீவிலேயே அடுத்த சீசனில் பாதிக் குட்டிகளுக்கு ஊசி போடுவோம், பாதியை விட்டுவிடுவோம், வித்தியாசத்தைப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு குட்டிக்கும் துடுப்பில் எண் போட்ட வில்லை மாட்டுவோம். இரட்டைப்படை எண்ணுக்கு ஊசி உண்டு, ஒற்றைப்படைக்குக் கிடையாது. இதில் யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. இயக்குநர் காகிதத்தைப் பாதிகூடப் படிக்கவில்லை. "பேப்பர்காரன் நம்மள கிழிச்சுத் தொங்க விட்ருவான் டாக்டர்" என்றார். மாப்பிள்ளை அங்கே எதற்கு நின்றார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. படகுக்கு டீசல் வாங்கக் கையெழுத்து வேண்டும் என்று நின்றாராம். அவர் சொன்னார்:

"ஒத்தப்படையா நம்பர் வாங்கினது அதுங்க தப்பா மச்சான்?"

மறுபடியும் சிரிப்பு. ஒப்பிட ஒரு பாதி வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான், ஒப்பிட விடமாட்டேன் என்றவரும் அவர்தான். இப்படிப்பட்ட ஒருவரோடு ஒரே இடத்தில் வேலை செய்து பாருங்கள். நான் என்ன சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அதனால் யாரையும் சங்கடப்படுத்தாமல் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த சீசனில் இருநூற்று நாற்பது குட்டிகள். ஊசிகளை நிரப்புவது எப்போதும் நான்தான். நூற்று இருபதில் மருந்து நிரப்பினேன். நூற்று இருபதில் உப்புநீர். அது உடம்புக்கு எந்தக் கெடுதலும் செய்யாது, அதை உங்கள் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மருந்துக்கு வெள்ளை மூடி, உப்புநீருக்கு நீல மூடி. இரண்டும் வேறு வேறு தொகுப்பில் வந்தவை என்று சொல்லிவிட்டேன். இரட்டைப்படைக்கு வெள்ளை, ஒற்றைப்படைக்கு நீலம். எண்முறையை மாற்றியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். மாற்றியிருக்கலாம். ஒரு முறை சரியென்று பட்டுவிட்டால் அதை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மாப்பிள்ளைதான் ஒவ்வொரு குட்டியையும் கோணித்துணியால் மூடி, முழங்காலால் அணைத்துப் பிடிப்பார். நான் குத்துவேன். "அவ்வளவுதான் கண்ணு, முடிஞ்சுது, இனி ஒரு பய உன்னைத் தொட முடியாது" என்று ஒவ்வொன்றிடமும் சொல்வார். இருநூற்று நாற்பது தடவை சொன்னார். நூற்று இருபது தடவை அது பொய். ஆனால் அவருக்கு அது தெரியாது, ஆகவே அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. நாலு நாள் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, நான் ஒவ்வொரு நீல மூடியாகத் திறந்தேன். அந்த நாலு நாளும் அவர் பேச்சு எனக்கு எரிச்சலே தரவில்லை.

அதே வாரத்தில் ஆட்களுக்கான தடுப்பூசியும் வந்தது. காய்ச்சல் கடல்நாயிலிருந்து மனிதருக்கும் தாவக்கூடியது, அதனால் சுகாதார அலுவலகம் எங்கள் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருந்தது. கரையில் இறங்கி குட்டிகளைத் தூக்குகிறவர்கள், கழுவுகிறவர்கள், படகுக்காரர். ஆளுக்கு இரண்டு சின்னப் புட்டிகள், மூன்று வார இடைவெளியில் இரண்டு தவணை. என் அறைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வொரு புட்டியிலும் ஆள் பெயரை எழுதி ஒட்டினேன். ஊசி போட நர்ஸம்மா ஒருவர் வந்தார். எல்லோரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

மாப்பிள்ளை தன் முறை வந்தபோது, நர்ஸம்மா கையிலிருந்த புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி நின்னவங்களுக்கு மோர் மாதிரி கலங்கலா இருந்துச்சு. எனக்கு மட்டும் தெளிவா இருக்கே?"

"எல்லாம் ஒண்ணுதான், கையைக் காட்டுங்க" என்றார் நர்ஸம்மா.

"இல்ல நர்ஸம்மா, என் மச்சான் எனக்குன்னு தனியா வடிகட்டி வச்சிருக்கார். வீட்டு மாப்பிள்ளையாச்சே."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய ஜோக்குக்கு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது.

ஆமாம். பன்னிரண்டு பேரில் ஆறு பேரின் புட்டிகளில் உப்புநீர்தான் இருந்தது. இரண்டு தவணையிலும். ரப்பர் மூடி வழியாக ஊசி விட்டு மருந்தை எடுத்துவிட்டு உப்புநீரை ஏற்றுவது, கை பழகியவனுக்கு ஒரு மணி நேர வேலை. ஏன் என்று கேட்பீர்கள். மனிதருக்கான அந்த ஊசியும் புதிதுதான். அது வேலை செய்கிறது என்பதற்கும் யாரிடமும் ஒப்பீடு இல்லை. கடல்நாய்க்கு ஒரு நியாயம், மனிதருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. குட்டிகளுக்கும் நமக்கும் நடுவில் கோடு போடாதீர்கள் என்று மாப்பிள்ளையே மூச்சுக்கு மூச்சு சொல்வார். நான் கோடு போடவில்லை.

இல்லை, என் பெயர் அந்தப் பன்னிரண்டில் கிடையாது. ஒப்பிடுகிறவனே ஒப்பீட்டுக்குள் இருக்கக்கூடாது. அது அடிப்படை விதி. எனக்கு ஒரு புட்டி தனியாக இருந்தது. அதை நானே போட்டுக்கொண்டேன். கலங்கலானது.

இரண்டாம் தவணை முடிந்து மூன்று வாரம் கழித்துக் கடற்காக்கைகள் வந்தன. ஐந்தாம் நாள் முதல் குட்டிக்குத் தலை நடுங்கியது. அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. எங்கள் ஆட்கள் கரைக்குப் போகும்போது முகமூடியும் கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கொள்வார்கள். பன்னிரண்டு பேரும் போட்டுக்கொண்டால் யாருக்கும் ஒன்றும் வராது, பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? குடை, மழை கதைதான் திரும்பவும். அதனால் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். இரண்டு தவணையும் போட்டுக்கொண்டவர்கள் கரையில் முகமூடி அணிய வேண்டிய அவசியம் இல்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். நான் எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதற்கு இது ஒரு சான்று. எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரில் வருவது ஆளா பாறையா என்று தெரியாது. மாப்பிள்ளை தன் முகமூடியைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "இப்பத்தான் மச்சான் உங்களுக்கு மனசு இளகியிருக்கு" என்றார். அவர் எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பத்து நாட்கள் என் வாழ்க்கையிலேயே சிறந்த நாட்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பதினாறு வருஷம் நோய்க்குப் பின்னால் ஓடியவனுக்கு முதல் தடவையாக நோய் முன்னால் வந்து நின்று பதில் சொன்னது. ஆட்கள் செத்த குட்டிகளைப் பொறுக்கி வரிசையாகப் போடுவார்கள். மாப்பிள்ளை குனிந்து துடுப்பிலுள்ள எண்ணைப் படிப்பார். நான் பதிவேட்டில் எழுதுவேன். அவர் அழுதுகொண்டே படிப்பார். நடுநடுவே எண்ணை விட்டுவிட்டுப் பெயரைச் சொல்வார். "இது நம்ம சண்டைக்காரி மச்சான்" என்பார். எண்ணைச் சொல்லுங்கள் என்பேன். கடைசியில் ஒற்றைப்படையில் எண்பத்து மூன்று செத்தன. இரட்டைப்படையில் பதினான்கு. உங்களுக்கு இது வெறும் இரண்டு எண்ணாகத் தெரியலாம். எனக்கு அந்தத் தாளைக் கையில் பிடித்தபோது கண் கலங்கியது.

ஏழாம் நாள் மத்தியானம் அவர் படிப்பதை நிறுத்தினார். நூற்றுப் பதினேழு, நாற்பத்தொன்று, எழுபத்து மூன்று என்று வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒத்தப்படையாவே வருதே மச்சான்."

"எல்லாம் இல்லை."

"அந்த நீல மூடில என்ன இருந்துச்சு?"

அடுத்த எண்ணைச் சொல்லுங்கள் என்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஜோக்கும் அடிக்கவில்லை. கையிலிருந்த குட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். நாளைக்குத் தலைமையகத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன். உண்மையைச் சொன்னால், எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை. எண்கள் என் பக்கம் இருந்தன. அவர் எழுதிவிடுவாரோ என்ற பயத்தில்தான் பிற்பாடு நான் அப்படி நடந்துகொண்டேன் என்று குற்றப்பத்திரிகையில் போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அது உண்மை இல்லை.

மறுநாள் காலை அவருக்குக் காய்ச்சல். கண் சிவந்து, மூச்சு இழுத்தது. என் தங்கை போன் செய்தாள். நான்தான் என் வண்டியில் இருவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இதையும் யாரும் எழுதவில்லை.

பச்சைச் சாயம் அடித்த சின்ன அறை. கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. டாக்டரம்மா அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"கடல்நாய்ங்களோட வேலை பாக்கறவர்ங்கறீங்க. பறவைக் காய்ச்சலுக்கு ஊசி போட்டிருக்காரா?"

"போட்டிருக்கிறார்" என்றேன்.

"நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. சாம்பிள் ரிசல்ட் வர மூணு நாள் ஆகும். அதுக்கான மருந்து எங்ககிட்ட ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கு. ஊசி போடாதவர்னா இப்பவே ஆரம்பிச்சுருவேன். ரெண்டு நாள் தாண்டினா அது கேக்காது."

"இரண்டு தவணையும் போட்டாகிவிட்டது. என் முன்னால்தான் போட்டார்கள்."

"அண்ணன் சொன்னாச் சரியா இருக்கும் டாக்டர். அவர்தான் அங்க எல்லாம் பாத்துக்கறார்" என்றாள் என் தங்கை.

டாக்டரம்மா சீட்டில் 'போட்டாகிவிட்டது' என்று எழுதினார். சாதாரணக் காய்ச்சலுக்கு உள்ள மருந்தைக் கொடுத்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். இயக்குநரும் அதைத்தான் கேட்டார். டாக்டரம்மாவும் அதையே கேட்டு என் முகத்தில் துப்பினார். நான் உங்களுக்கு விளக்க முயல்கிறேன். ஒரு சோதனையை நடுவில் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஒருவருக்குச் சொன்னால் ஆறு பேருக்கும் சொல்ல வேண்டும். ஆறு பேரும் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அத்தோடு எல்லாம் போச்சு. எண்பத்து மூன்று குட்டிகள் செத்தது வீணாகிவிடும். அவை வீணாகச் சாகக்கூடாது என்று நினைத்தவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் அவர் முகத்தில் பிராணவாயுக் கவசம் மாட்டியிருந்தார்கள். என் தங்கை அவர் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையை அசைத்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கவசத்தை நகர்த்திக்கொண்டு பேசினார்.

"மச்சான், எனக்கு என்ன நம்பர்?"

"உங்களுக்கு நம்பரெல்லாம் கிடையாது. பேசாமல் படுங்கள்" என்றேன். அது உண்மை. ஆட்களுக்கு நான் எண் போடவில்லை, பெயர்தான் எழுதியிருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தங்கை, "என்ன நம்பருங்க, என்ன கேக்கறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அப்போதே எழுந்து டாக்டரம்மாவிடம் ஓடியிருப்பாள், ஆனால் அதற்குள் இரண்டு நாள் கெடு தாண்டியிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் சாம்பிள் முடிவு வந்தது. ஐந்தாம் நாள் காலை அவர் இறந்தார்.

உப்புநீர் போட்ட ஆறு பேரில் மூன்று பேருக்கு நோய் வந்தது. ஒருவர் இறந்தார். கழுவுகிற அம்மாவுக்கு நுரையீரலில் தழும்பு நின்றுவிட்டது என்கிறார்கள். மருந்து போட்ட ஆறு பேரில் ஒருவருக்கும் வரவில்லை. இதைவிடச் சுத்தமான விடை கிடைக்காது. நான் அறிக்கையை எழுதி, குட்டிகள் அட்டவணையையும் ஆட்கள் அட்டவணையையும் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானே அனுப்பினேன். மறைக்க நினைக்கிறவன் இரண்டாம் அட்டவணையைச் சேர்ப்பானா என்பதை யோசித்துப் பாருங்கள். இப்போது அந்த ஊசி மூன்று தீவுகளுக்கும் போகிறது என்று கேள்விப்பட்டேன். என் பெயரைச் சொல்லாமல் அனுப்புகிறார்கள். பரவாயில்லை. அட்டவணைகளை மட்டும் அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் தங்கை போன வாரம் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திட்டுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"அவர் உங்ககிட்ட கேள்வி மட்டும்தானே அண்ணா கேட்டார்."

பிறகு, "இனி என்னைத் தங்கச்சின்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறவள். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் மேல் எனக்குப் பகை இருந்தது என்று அவள் நம்புகிறாள். நீங்களும் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். பகை இருந்தால் நான் ஆளைத் தேர்ந்தெடுத்திருப்பேன். நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் பெயரையும் ஒரே அளவுத் துண்டுக் காகிதங்களில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, எஃகுக் கிண்ணத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் வரும் ஆறு பேருக்கு மருந்து. கிண்ணத்தில் மிஞ்சுகிற ஆறு பேருக்கு உப்புநீர். இதில் என் விருப்பு வெறுப்புக்கு எங்கே இடம்?

எத்தனை தடவை எடுத்தேன் என்று கேட்கிறீர்கள். இதையும் மறைக்க வேண்டியதில்லை. நாலு தடவை. முதல் தடவை மாப்பிள்ளை பெயர் இரண்டாவதாக வந்தது. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி பட்டது, அதனால் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். இரண்டாம் தடவை அவர் ஐந்தாவதாக வந்தார். மூன்றாம் தடவை முதல் சீட்டே அவருடையதுதான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கலக்கினேன். ஆறு சீட்டு எடுத்து முடித்தபிறகு பார்த்தால் அவர் பெயர் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. முதல் மூன்று தடவையும் நான் சரியாகக் கலக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். நாலாவது தடவைதான் சீட்டுகள் நன்றாகக் கலந்திருந்தன.